கசிவு இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட டிரம்பெட்

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அனைவரும் என்றால் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு மனசு சரியில்லை, இன்னொருவர் அதற்குக் காரணம். காரணம் நான்தான் என்பதைத் தாங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

இதைப் போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று தோன்றும். தாங்கள் முப்பது வருஷம் காவல்துறை பேண்டில் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் நின்று டிரம்பெட் வாசித்தவர். தங்களிடம் போனில் ஒரு ரகசியம் சொன்னால், "என்னது? சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை!" என்பீர்கள். நான் சத்தமாகச் சொன்னால் அவள் காதில் விழும். சத்தமாகச் சொல்லாவிட்டாலும் விழும். ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற அறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு, அடுத்த அறையில் நான் பொய் யோசிப்பதே கேட்கும். அதனால்தான் கடிதம். தயவுசெய்து இதைப் படித்து முடித்ததும் உடனே, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, நான் கேட்பதைச் செய்துவிடுங்கள். வருகிற சனிக்கிழமைக்குள் காரியம் முடிய வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த வருஷம் அவள் ஓய்வு பெற்றாள் அல்லவா, பெற்ற மறுவாரமே காலையில் டீ குடித்துக்கொண்டே, "நான் டிரம்பெட் கத்துக்கப் போறேன்" என்றாள். எனக்குப் புரை ஏறிவிட்டது. ஏன் இந்த விபரீதம் என்று கேட்டேன். "இருபத்தொன்பது வருஷம் சத்தம் புகாத ரூம்ல உக்காந்து, ஹெட்போன் மாட்டினவங்ககிட்ட 'கேக்குதா, கேக்குதா'ன்னு கேட்டே காலம் போச்சு. யாரையும் கேக்காம எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு சத்தம் நான் போடணும்" என்றாள். மச்சான், கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் தனக்கென்று கேட்டதில்லை. எனக்குக் கேட்ட மாத்திரத்தில் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பூங்காவில் வாசிக்கிற பேண்டில் பெரியவர்களுக்கும் ஆரம்ப வகுப்பு நடத்துகிறார்கள். டிரம்பெட்டுக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. பேண்ட் மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார்: குறிப்பிட்ட சனிக்கிழமை வந்து, பத்து எண்ணுகிற வரை ஒரே ஒரு சத்தத்தை ஆடாமல் பிடித்துக் காட்ட வேண்டும், பாட்டு கீட்டு ஒன்றும் வேண்டாம், அவ்வளவு செய்தால் இடம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அந்தச் சனிக்கிழமைதான் இந்தச் சனிக்கிழமை.

அப்போதுதான் தாங்கள் நான்கு பக்கம் எழுதி அனுப்பினீர்கள், நல்ல டிரம்பெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று. அந்த நான்கு பக்கமும் தங்கம். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் கடையில் ஊதா, பச்சை, சிவப்பு என்று வரிசையாக மாட்டியிருந்தான். கூடவே கையுறை இலவசம், துடைக்கிற துணி இலவசம், பை இலவசம். நான் அந்த ஊதாவைப் பார்த்துச் சொக்கிப் போய் நின்றேன் என்பதை மறைக்கவில்லை. இவள்தான் தங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே, பேர் தெரியாத கம்பெனியில் வாங்கினால் நாளைக்கு ரிப்பேர் பண்ண ஒருத்தன் தொட மாட்டான், கற்றுக்கொள்கிறவர்களுக்குப் புதிய மட்டமானதை விடப் பழைய தரமானது மேல்" என்று தாங்கள் எழுதியிருந்ததை அந்த விற்பனைப் பையன் எதிரிலேயே உரக்கப் படித்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

அங்கேயிருந்து பழைய வாத்தியங்கள் விற்கிற கடைக்குப் போனோம். கடையை நடத்துவது ஒரு அம்மா. ரிப்பேரும் அவங்களே. பின்னாலேயே பட்டறை. மூணு டிரம்பெட்டை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. இங்கதான் மச்சான் என் தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறிடுச்சு. முப்பத்திநாலு வருஷம் குடிநீர் வாரியத்துல குழாய்க் கசிவு பார்க்கற இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். பித்தளைன்னா எனக்குத் தெரியாதா? முதல் டிரம்பெட்டை எடுத்தேன், வாய் வெச்சு ஊதற மவுத்பீஸைச் சொருகற குழாயில ரோஸ் நிறத்துல சின்னச் சின்னப் புள்ளி. "இது உள்ளேயிருந்து அரிச்சிட்டு வருது, இன்னும் ஒரு வருஷத்துல ஓட்டை விழும்"னு சொன்னேன். கடைக்காரம்மா ஆச்சரியமா நிமிர்ந்து பார்த்து, "சார் வாசிப்பீங்களா?"ன்னாங்க. "இல்லம்மா, தண்ணி"ன்னேன். ரெண்டாவதுல, விரலால அழுத்தற வால்வுல மூணாவது, அழுத்தினா மேல வரவே மனசில்லாம மெதுவா வந்தது. அதுவும் வேண்டாம். மூணாவது, வெள்ளிப் பூச்சு அங்கங்க தேஞ்சு, பார்க்க ஒரு லட்சணமும் இல்ல. ஆனா வால்வு மூணும் வெண்ணெய் மாதிரி இறங்கி ஏறுது. தாங்கள் எழுதியிருந்தபடி வால்வை அழுத்தாம பக்கத்துக் குழாயைச் சட்டுனு உருவினேன், 'டப்'னு ஒரு சத்தம். அந்த 'டப்' வந்தா காத்து வெளிய போகலைன்னு அர்த்தம்னு எழுதியிருந்தீங்களே! எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பதினோரு தடவை 'டப்' பண்ணினேன். "வாங்கறதுக்கு முன்னாடியே தேச்சுடாதீங்க சார்"னாங்க. அவங்களே எடுத்து ஒரு ஊது ஊதிக் காட்டினாங்க. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. இவளை ஊதச் சொன்னாங்க. நாலு பேர் முன்னாடி வெக்கப்பட்டுக்கிட்டு, "வீட்டுக்குப் போய் ஊதறேன்"னுட்டா. அங்கேயே ஒரு தடவை ஊதியிருக்கக் கூடாதா! ஊதியிருந்தா இந்தக் கடிதமே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அவ பெட்டியைத் திறந்து, உதட்டுல வைக்கப் போனா. நான் தடுத்தேன். "யார் யார் எச்சிலோ! எத்தனை வருஷ அழுக்கோ! நான் சுத்தம் பண்ணி, சோதிச்சு, சர்டிபிகேட் கொடுத்த பிறகுதான் வாய் வைக்கணும்"னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. ஆனா சரின்னுட்டா. நான் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு (தண்ணி தெறிக்குமே), துணி துவைக்கற டப்புல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி, டிரம்பெட்டைக் கழட்ட ஆரம்பிச்சேன். மூணு வால்வையும் உருவினேன். துடைச்சேன். துணி மேல வரிசையா வெச்சேன். நடுவுல மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்தார். வீட்டுக்கு டிரம்பெட் வந்திருக்குன்னு கேள்விப்பட்டு, ஒரு சத்தமும் வர்றதுக்கு முன்னாடியே காதுல பஞ்சோட புகார் சொல்ல வந்துட்டார். அவர்கிட்ட மல்லுக்கட்டி அனுப்பிட்டு வந்து, வால்வை எல்லாம் திரும்பப் போட்டேன். மூணும் ஒரே உயரம், ஒரே பருமன், மூணும் அழகா உள்ள இறங்குச்சு. இதுல என்ன பெரிய வித்தைன்னு நினைச்சேன்.

அப்புறம் சோதனை. புனல் மாதிரி விரிஞ்ச வாயை ரப்பர் அடைப்பான் வெச்சு அடைச்சு, மவுத்பீஸ் பக்கம் சைக்கிள் பம்பை மாட்டி, முழு வாத்தியத்தையும் தண்ணிக்குள்ள அமுக்கி, அடிச்சேன் பாருங்க காத்து! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்ல மச்சான். ஒண்ணே ஒண்ணு இல்ல. வால்வு ஓரத்துல இல்ல, வளைவுல இல்ல, எச்சில் வடிக்கற துளையில கூட இல்ல. முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குழாயை நான் பார்த்ததே கிடையாது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அலமாரியில பழைய ஆபீஸ் அட்டை ரெண்டு மூணு கிடந்தது, ஒண்ணை எடுத்து 'சோதிக்கப்பட்டது. கசிவு இல்லை'ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நூல் கட்டி டிரம்பெட்ல தொங்கவிட்டு, ரெண்டு கையாலயும் அவகிட்ட கொடுத்தேன்.

அவ ஊதினா. சத்தம் வரல. ஆரம்பத்துல அப்படித்தான்னு தாங்கள் எழுதியிருந்தீங்க, உதட்டை இறுக்கி, தேனீ மாதிரி அதிரவிடணும்னு. அதிரவிட்டா. வரல. மறுநாள் வரல. அதுக்கு மறுநாள் கன்னம் சிவந்து, கழுத்து நரம்பு புடைச்சு, 'உஸ்'ஸுன்னு கூட வரல. வெறும் மவுத்பீஸ்ல ஊதினா வாத்து மாதிரி சத்தம் வருது, டிரம்பெட்ல மாட்டினா கப்சிப். நான் பலூன் வாங்கிட்டு வந்து பயிற்சி கொடுத்தேன். நாப்பது பலூன் ஊதினா. வீடு முழுக்கப் பலூன். கால் வைக்க இடமில்ல. நாப்பது பலூன் ஊதற மூச்சு டிரம்பெட்டுக்குள்ள மட்டும் எங்க போகுதுன்னு இந்த மரமண்டைக்குத் தோணவே இல்ல பாருங்க. அஞ்சாவது நாள் மாடி வீட்டு வாத்தியாரே இறங்கி வந்து, "எப்பதான் சார் ஆரம்பிப்பீங்க? பஞ்சை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் காத்திருக்கறது?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

ஆறாவது நாள்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவ டிரம்பெட்டை மடியில வெச்சுக்கிட்டு, "இதுல ஏதாவது கோளாறு இருக்குமாங்க?"ன்னு கேட்டா. எவ்வளவு பதமா கேட்டா தெரியுமா! நான் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, "கருவியில ஒரு குறையும் இல்ல, நானே சோதிச்சிருக்கேன். உன் மூச்சுலதான் குறை. இந்த வயசுக்கு மேல அவ்வளவுதான்"னேன். சொல்லிட்டேன் மச்சான். என் வாயில புத்து வைக்க! அவ டிரம்பெட்டைப் பெட்டியில வெச்சு, பீரோ மேல ஏத்திட்டா. பலூனை எல்லாம் ஒண்ணொண்ணா ஊசியால குத்தினா. எல்லாக் குத்தும் எனக்கே விழுந்த மாதிரி இருந்தது. நேத்து, "அதைக் கடையில திருப்பிக் கொடுத்துடுங்க. மூச்சு இருக்கறவங்க யாராவது வாங்கட்டும். வெள்ளிக்கிழமை பேண்ட் மாஸ்டருக்குப் போன் பண்ணி நான் வரலைன்னு சொல்லிடறேன்"னா.

இன்னிக்குக் காலையில எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக்காரம்மா வாங்கி, ஒரு ஊது ஊதினாங்க. சத்தம் வரல. டிரம்பெட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, தொங்கற அட்டையைப் பார்த்து உரக்கப் படிச்சாங்க: "சோதிக்கப்பட்டது. கசிவு இல்லை." அப்புறம் முதல் வால்வை உருவி வெளிச்சத்துல பிடிச்சு, "யார் கழட்டினது?"ன்னாங்க. "மாடி வீட்டுக்காரர்"னு சொன்னேன். வேற என்ன சொல்ல! "அந்த மாடி வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க சார், ஒவ்வொரு வால்வுலயும் நம்பர் போட்டிருக்கு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. ஒண்ணை மூணுலயும் மூணை ஒண்ணுலயும் போட்டா, ஓட்டையும் ஓட்டையும் சேராது, காத்து உள்ள போய் முட்டிக்கிட்டு நிக்கும். யானை ஊதினாலும் சத்தம் வராது"ன்னாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். இருக்கு. எறும்பு சைசுல, ஆனா இருக்கு. குமிழி ஏன் வரலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. காத்து வால்வைத் தாண்டினாத்தானே குமிழி வரும்! நான் அமுக்கி அமுக்கிச் சோதிச்சது வால்வுக்கு முன்னாடி இருக்கற ரெண்டு அடிக் குழாயை. அவங்க வால்வை மாத்திப் போட்டு ஊதினாங்க. அன்னிக்குக் கேட்ட அதே சத்தம். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. என் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது.

இங்கதான் தாங்கள் என்னைத் திட்டக் கூடாது. திருப்பிக் கொடுக்காம, "இதை மறுபடி பழையபடியே தப்பா வெச்சுக் கொடுங்க"ன்னு கேட்டேன். "என் கையால அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்"னுட்டாங்க. நானே செஞ்சேன். ஒரு தடவை பழகின கைதானே. வீட்டுக்கு வந்து, "கடை பூட்டியிருக்கு"ன்னு சொல்லி, பீரோ மேல வெச்சுட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? சரிபண்ணின டிரம்பெட்டை அவ கையில கொடுத்து "இன்னொரு தடவை ஊதிப் பாரேன்"னா, ஊதுவா, சத்தம் வரும், அடுத்த நிமிஷம் "என்ன பண்ணினீங்க?"ன்னு கேப்பா. எனக்குப் பொய் சொன்னா காது சிவந்துடும்னு தங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தொழிலே காதைப் பார்க்கறது. உண்மையைச் சொல்லிடலாம்தான். 'உன் மூச்சுல குறை இல்ல, என் மண்டையிலதான்'னு ஒரே வரி. ரெண்டு தடவை அவ எதிர்ல போய் நின்னேன். ரெண்டு தடவையும் "டீ வேணுமா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். அந்த வார்த்தையைச் சொன்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த வார்த்தையைச் சொல்ல வெக்கமா இருக்கு மச்சான்.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் உடனே தங்கைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். 'அம்மாடி, போன கடிதத்தில் முக்கியமான ஒன்றை எழுத மறந்துவிட்டேன், அந்த ரக டிரம்பெட்டுகளில் சிலது கம்பெனியிலிருந்து வரும்போதே வால்வு இடம் மாறி வந்துவிடும், நம்பரைப் பார்த்து மாற்றிப் போடு, தப்பு என்னுடையதுதான்' என்று எழுதினால் போதும். தாங்கள் சொன்னால் அவள் நம்புவாள். பழி தங்களோடு போகும், தாங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், தங்களை ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கடிதம் தங்களுக்கு நாளை கிடைக்கும், தங்கள் கடிதம் வியாழனன்று இங்கே வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் பேண்ட் மாஸ்டருக்குப் போன் செய்துவிட்டால் எல்லாம் போயிற்று. அவளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும், மச்சான். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் படியேறும்போது சத்தம் போடாதிருக்கவும், தங்கள் வீட்டுக் குழாய்கள் என்றும் சொட்டாதிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு: படித்ததும் இதைக் கிழித்துவிடவும். அக்கா கண்ணில் படக் கூடாது, பட்டால் அன்றைக்கே அவள் காதுக்கு வந்துவிடும்.

பி.கு. 2: அண்ணா, இது நான். உங்க புது வீட்டு விலாசம் அவருக்கு ஞாபகம் இல்லையாம், கவரை என்கிட்ட கொடுத்து எழுதச் சொல்லிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். "உள்ள ஒண்ணும் இல்ல, சும்மா நலம் விசாரிச்சிருக்கேன்"னார். பதினோரு பக்கம்! உங்க நலத்தைப் பதினோரு பக்கம் விசாரிக்கிற ஆளா இவர்? அதுவும் ரெண்டு காதும் செக்கச் செவேல்னு. பிரிச்சுப் படிச்சுட்டேன்.

முதல்ல கோபம் வந்தது, ரொம்பவே வந்தது. டீ வேணுமான்னு கேட்ட இடத்துல போயிடுச்சு. ஸ்டூல் போட்டு ஏறி டிரம்பெட்டை எடுத்தேன். நம்பரைப் பார்த்து மாத்தினேன். ஊதினேன். வந்துச்சு அண்ணா! பதினாலு எண்ணற வரைக்கும் நின்னுது. நானே எண்ணினேன். என் மூச்சு நல்லாத்தான் இருக்கு. எனக்கு அழுகையா வந்துடுச்சு, அழுதுக்கிட்டே இன்னொரு தடவை ஊதினேன். மாடி வீட்டு வாத்தியார் ஓடி வந்தார், அவர்கிட்ட "எங்க வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கி அனுப்பியிருக்கேன்.

அப்புறம் மூணு வால்வையும் இவர் வெச்ச மாதிரியே தப்பா வெச்சு, பீரோ மேல ஏத்திட்டேன். அதனால அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க, பழியை நீங்களே ஏத்துக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் மூச்சைக் குறை சொன்னதுக்கு வியாழக்கிழமை வரைக்கும் தவிக்கட்டும், அதுக்கு மேல வேண்டாம், பாவம். ஆனா ஒரு நாள் கூடத் தாமதம் பண்ணாதீங்க. உங்க கடிதம் வந்ததும் அவர் எதிர்ல வால்வை உருவி, நம்பரைப் பார்த்து, 'அடடே!'ன்னு நான் ஆச்சரியப்படணும். இப்பவே கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்தேன். டிரம்பெட் ஊதறதை விட அதுதான் கஷ்டமா இருக்கு.